மருத நிலத்துக் கள்வன்

ஐந்திணை இலக்கியங்களில் வரும் உயிரினங்களைப் பற்றி அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். யானையும் மானும், அன்றிலும் குருகும் தனிக்கட்டுரைகளுக்குப் பொருளாகியுள்ளன. நண்டு பெரும்பாலும் அருஞ்சொற்பொருளோடு நின்றுவிட்டது. அலவன், ஞெண்டு, நள்ளி, கள்வன், களவன் என்னும் சொற்களுக்கு எல்லாம் ‘நண்டு’ என்று ஒரே பொருள் எழுதிவிட்டு நாம் மேலே செல்கின்றோம். எந்த நண்டு என்று வினவுவதில்லை. இவ்வினா மிகச் சிறியது போலத் தோன்றும். எனினும், இதற்கு விடை காணாமல் மருதத் திணைப் பாடல்கள் சிலவற்றின் உள்ளுறையை முழுதும் உணர்தல் இயலாது என்பது நம் கருத்து. மதுரையைச் சூழ்ந்த வைகைச் சமவெளியின் வயல் நண்டைச் சான்றாகக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

இருவகை நண்டுகள்

சங்கப் பாடல்களில் நண்டு இரு நிலங்களில் வாழக் காண்கிறோம். ஒன்று நெய்தல் நிலத்து நண்டு. அது கடற்கரை மணலில் விரைந்து ஓடும். மணலில் வளை தோண்டும். அலை வந்து அவ்வளையை அழிக்கும். அதனைத் துரத்தி விளையாடுதல் நெய்தல் மகளிர்க்குரிய பொழுதுபோக்கு. ‘அலவன் ஆட்டல்’ என்பது அவ்விளையாட்டின் பெயர். மற்றொன்று மருத நிலத்து நண்டு. இது சேற்றில் திரியும். வயல் வரப்பிலும் குளக்கரையிலும் மண்ணளை அமைத்து வாழும். ஆம்பலையும் வள்ளையையும் நெல்லையும் அறுக்கும்.

இவ்விரண்டும் நிலத்தால் மட்டும் வேறுபட்டவை அல்ல, பிறப்பாலும் வேறுபட்டவை. கடல் நண்டு ஒருமுறையில் இலட்சக்கணக்கான நுண்ணிய முட்டைகளை இடும். அவற்றினின்றும் வெளிப்படும் இளவுயிர் நண்டின் வடிவம் உடையதன்று; கடல்நீரில் மிதந்து திரிந்து, பல முறை உருமாறிய பின்னரே நண்டாகும். தாய்க்கும் அதற்கும் பின்னர் உறவில்லை. நன்னீர் நண்டின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அது இடும் முட்டைகள் எண்ணிக்கையிற் குறைந்தவை; சில நூறு என்னும் அளவினவே; ஆயின் பருத்தவை. மிதந்து திரியும் பருவம் முழுவதும் முட்டைக்குள்ளேயே கழிந்துவிடும். முட்டை பொரிந்தவுடன் வெளிவருவது முழு உருவம் பெற்ற சிறு நண்டே. அதனையும் தாய் உடனே விட்டு நீங்குவதில்லை. வயிற்றின் கீழ் மடிந்துள்ள அகன்ற மடலுக்குள் முட்டைகளைச் சுமந்த தாய், குஞ்சுகளையும் சில நாள் அங்கேயே வைத்துச் சுமக்கும்.

ஆகவே வயல் நண்டு பிறத்தற்கும் வளர்தற்கும் இனம் பெருக்குதற்கும் கடலை நாடுவதில்லை. ஒரு கண்மாயின் பாசனத்துக்குள்ளேயே அதன் வாழ்வு தொடங்கி முடிந்துவிடுகிறது. மருதத்தின் கருப்பொருள் என்று கூறத்தக்க தகுதி இதற்கு முற்றும் பொருந்துவதாம்.

ஐரோப்பிய அறிஞர் தென்னிந்திய நன்னீர் நண்டுகளை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வகைப்படுத்தத் தொடங்கினர். இன்று ஸ்பைராலோதெல்பூசா ஹைட்ரோட்ரோமா என வழங்கும் இனத்தை ஹெர்பஸ்ட் 1794-இலும், ஓசியோதெல்பூசா செனக்ஸ் என வழங்கும் இனத்தை ஃபாப்ரிசியஸ் 1798-இலும் விளக்கி எழுதினர். கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருந்த நன்னீர் நண்டுகளின் விரிவான பட்டியலை ஆல்காக் 1910-இல் வெளியிட்டார். வயலிலும் குளத்திலும் வாழும் நண்டுகளாக மேற்கூறிய இரண்டும் பெரிதும் ஆராயப்பட்டுள்ளன.

பத்துப் பாடல்களும் ஒரு பயிர்க்காலமும்

ஐங்குறுநூற்றின் முதல் நூறாகிய மருதத்தைப் பாடியவர் ஓரம்போகியார். அதன் மூன்றாம் பத்து, 21 முதல் 30 வரையுள்ள பாடல்கள், கள்வன் பத்து என்னும் பெயருடையது. களவன் என்றும் பாடம் உண்டு. பத்துப் பாடல்களிலும் நண்டு வருதலால் அப்பெயர் பெற்றது. உ. வே. சாமிநாதையர் 1903-இல் இந்நூலைப் பதிப்பித்த பின்னரே இப்பத்து அனைவர்க்கும் படிக்கக் கிடைத்தது.

ஓரம்போகியார் எவ்வூரினர் என்பது பற்றி ஈண்டு நாம் வாதிட வரவில்லை. ஆயினும் அவர் பாடிய இந்நூற்றில் பாண்டியனது தேனூர், கோடையிலும் தண்புனல் வற்றாத ஊர் எனப் புகழப்படுகிறது. அது மதுரைக்கு வடமேற்கே வைகைக் கரையில் இன்றும் அப்பெயரோடு விளங்கும் தேனூரே எனக் கொள்வர். ஆதலின் வைகைச் சமவெளியை அப்புலவர் அறிந்த நிலங்களுள் ஒன்றாகக் கொண்டு ஆராய்தல் பிழையாகாது.

இப்பத்துப் பாடல்களில் நண்டின் செயல்களாகக் கூறப்படுவனவற்றைத் தொகுத்துக் காண்போம். பழைய நீர்நிலையின் கரையில் அது ஆம்பலை அறுக்கிறது. சேற்றில் ஆடியபின் முள்ளிச் செடியின் வேரடியில் உள்ள அளைக்குச் செல்கிறது. மனையருகே படர்ந்த வயலைக் கொடியையும், வயலில் உள்ள வள்ளையின் மெல்லிய தண்டையும் துண்டிக்கிறது. குளிர்ந்த சேற்றின்மேல் நடந்து கோலமிடுகிறது. காவலர் விரைந்து காக்க, விதைத்த நெல்லின் வெண்முளையை அறுக்கிறது. நெல்லின் பூ உதிர்ந்து அதன் அளையை நிறைக்கிறது. இறுதியாகச் செந்நெற்கதிரைக் கவர்ந்து மண்ணளைக்குள் புகுகிறது.

இவற்றை வரிசைப்படுத்தி நோக்கின், விதைப்பு, முளை, பூ, கதிர் என ஒரு பயிர்க்காலம் முழுதும் நண்டு புலவரின் கண்முன் இருந்தமை புலனாகும். இது ஒருநாள் வயற்புறம் சென்று கண்டதன் பயன் அன்று. பலகாலம் நோக்கியதன் பயன். இக்காலப் பயிர்ப் பாதுகாப்பு நூல்களும் வயல் நண்டு இளநாற்றை அடியோடு அறுத்து வளைக்குள் இழுத்துச் செல்லும் என்றும், வரப்பைத் துளைத்து நீரைக் கசியச் செய்யும் என்றும் கூறுகின்றன. உழவர்க்கு அது பகையாயினமைக்கு இவ்விரண்டுமே காரணம். பிறர் விளைத்ததைக் கவர்ந்து ஒளிந்துகொள்ளும் உயிருக்குக் கள்வன் என்னும் பெயர் எத்துணைப் பொருத்தமுடையது! நீண்ட தண்டின்மேல் நிற்கும் அதன் கண்ணுக்கு வேம்பின் அரும்பை உவமை கூறிய நுட்பமும் இப்பத்தின் இறுதிப் பாடலிலேயே உள்ளது.

உள்ளுறை உவமம், தெய்வம் ஒழிந்த பிற கருப்பொருள்களை நிலைக்களமாகக் கொண்டு அமையும் என்பது தொல்காப்பியர் கொள்கை. நண்டு கொடியை அறுக்கிறது என்று புலவர் கூறுவர். தலைவன் தலைவியை வருத்துகின்றான் என்பதைக் கேட்போர் உணர்ந்துகொள்வர். நண்டின் இயல்பை அறிந்தவர்க்கே அவ்வுணர்ச்சி தோன்றும்.

வைகையும் கண்மாயும்

இத்தகைய நண்டு வைகைச் சமவெளியில் பெருகியதற்கு அந்நிலத்தின் நீரமைப்பே காரணமாகும். வைகை ஏறத்தாழ 258 கிலோமீட்டர் நீளமுடையது. வருசநாட்டு மலைப்பகுதியில் தோன்றிப் பாக் நீரிணையை நோக்கி ஓடுவது. வெள்ளக் காலம் ஒழிந்த பிற காலங்களில் அதன் நீர் கடலை அடைவது அரிது. வழிநெடுகக் கால்வாய்களிலும் கண்மாய்களிலும் பகிர்ந்துகொள்ளப்பட்டு, எஞ்சியது இராமநாதபுரம் பெரிய கண்மாயில் சென்று சேரும். கண்மாய் இப்பகுதியின் வாழ்வில் பெற்றிருந்த சிறப்பைப் பிற்காலப் பாண்டியர் கல்வெட்டுகள் காட்டும். அவை தலைநகரையே ‘மாடக்குளக்கீழ் மதுரை’ எனக் குறிக்கின்றன. மாடக்குளம் என்னும் ஏரிக்குக் கீழ் உள்ள மதுரை என்பது பொருள். பேரரசின் தலைநகர் ஒன்று தன்னை ஒரு குளத்தின் பெயரால் அடையாளப்படுத்திக்கொண்டமை எண்ணத்தக்கது.

ஆறு வற்றும் காலத்தும் கண்மாய்க்கரையின் ஆழ்மண்ணில் ஈரம் நிற்கும். வயல் நண்டு கோடையில் வளையை ஆழப்படுத்தி, அவ்வீரத்தில் அசையாது அடங்கிக் கிடக்கும். அதன் செவுள் அறையின் உட்புறம் காற்றினின்றும் உயிர்வளியை ஏற்கத் தகுந்ததாய் அமைந்திருத்தலின், நீரின்றியும் நெடுநாள் உயிர்வாழ இயலும். முதல் மழை பெய்தவுடன் அது வெளிவருவதைக் கண்டவர், வானத்தினின்றும் விழுந்தது போலும் என வியப்பர்.

இறாலின் நிலை வேறு. இலக்கியத்தில் ‘இறவு’ பெரும்பாலும் நெய்தலில், கழியோடும் உப்பங்காற்றோடும் இணைந்தே வருகிறது. பசுமஞ்சட் கிழங்கின் வளைவையும் புறத்தையும் இறவுக்கு உவமையாக்கிய நற்றிணைப் பாடலும் கழி இறவையே பேசுகிறது. இதற்கும் இயற்கையில் காரணம் உண்டு. நன்னீரில் வாழும் பெரிய ஆற்று இறால்கள் பலவற்றின் குஞ்சுகள் உவர்நீர் இன்றி வளரா. முட்டை பொரிந்ததும் அவை கழிமுகத்தை அடைதல் வேண்டும். வளர்ந்தபின் மீண்டும் ஆற்றில் மேல்நோக்கி ஏறுதல் வேண்டும். வெப்ப மண்டலத் தீவுகளின் ஓடைகளில் இவ்விருவழிப் பயணம் மிகத் தெளிவாகக் காணப்படுகிறது. போர்ட்டோ ரிக்கோ போன்ற தீவுகளில் சிறு இறால்கள் அருவிப் பாறைகளின் ஈரத்தைப் பற்றிக்கொண்டு மேலேறுகின்றன. பெரிய அணை குறுக்கிட்டால் அவ்வழி அடைபடும். தென்னிந்திய ஆற்று இறால் இனங்களுள் சிலவற்றை ஹெண்டர்சனும் மத்தாயும் 1910-இல் ஆராய்ந்து வெளியிட்டனர். நன்னீரிலேயே வாழ்வை முடிக்கும் சிறிய இறால்களும் உண்டு எனினும், கடலைத் தொடாத ஆற்றின் நடுநிலத்தில் இறாலைவிட நண்டே மிக்குத் தோன்றுதல் இயல்பு.

கடலைக் கடக்க இயலாமையால் நன்னீர் நண்டு நிலத்தின் வரலாற்றையும் தன்னுள் பொதிந்து வைத்திருக்கிறது. ஈழத்தில் ஏறத்தாழ 50 நன்னீர் நண்டினங்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. ஆயினும் நம் வயல்களில் உள்ள ஓசியோதெல்பூசா என்னும் பேரினத்தின் உறவினங்கள் அங்கும் வாழ்கின்றன. பனிக்காலத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது பாக் நீரிணை நிலமாக இருந்தது; அந்நிலப்பாலம் பலமுறை தோன்றி மறைந்தது. இந்தியாவிலும் ஈழத்திலும் வாழும் நண்டு, இறால், தவளை, மீன் முதலியவற்றின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வொன்று 2004-இல் வெளிவந்தது. நிலத்தொடர்பு இருந்த காலத்தும் இரு நிலத்து உயிர்களும் மிகுதியாகக் கலக்கவில்லை என்பது அதன் முடிபு.

நண்டிற்கு மூக்கு உண்டோ

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கிறது. அதில் நண்டும் தும்பியும் நான்கறிவுடையன. ஊறு, சுவை, நாற்றம், காட்சி ஆகிய நான்கும் அவற்றிற்கு உண்டு. செவியறிவு இல்லை என்பது கருத்து. இவ்விடத்து நண்டிற்கு மூக்கு உண்டோ என்னும் ஐயம் உரையில் எழுப்பப்படுகிறது. ஆசிரியர் கூறினமையின் உண்டு என்பது பெறப்படும் என விடையும் தரப்படுகிறது. மூக்கைக் கண்ணாற் காணாமல், நூலை நம்பி அளித்த விடை இது.

இன்றைய உயிரியல் இவ்விடையை உறுதிசெய்கிறது. நண்டின் இரு கண்களுக்கும் இடையே மிகச் சிறிய உணர்கொம்புகள் இரண்டு உள்ளன. அவற்றின் நுனியில் உள்ள நுண்மயிர்களே நீரில் கரைந்த மணத்தை உணரும் உறுப்பு. நண்டு அவற்றை அடிக்கடி உதறுவது மோந்து பார்க்கும் செயலேயாகும். செவி என ஓர் உறுப்பு வயல் நண்டிற்கு வெளிப்படையாக இல்லை. நிலத்தின் அதிர்வையும் நீரின் அதிர்வையும் அது உடலால் உணர்கிறது. அதனை ஊறு என அடக்கினால் தொல்காப்பியர் பகுப்பு பெரிதும் பொருந்தி நிற்கும். நாற்றமுள்ள இரையை நோக்கி நண்டு வருதலைக் கண்டே முன்னோர் இம்முடிபுக்கு வந்தனர் போலும். உறுப்பைக் காணாமலே செயலால் அறிவை ஊகித்த திறம் பாராட்டற்குரியது.

தாயைக் கொல்லும் பிறப்பு

இனி, முன்னோர் கருத்து உண்மையோடு பொருந்தாத ஓரிடத்தையும் காண்டல் வேண்டும். கள்வன் பத்தின் நான்காம் பாடல், தாய் சாகப் பிறக்கும் உயிராக நண்டைக் கூறுகிறது. அதனோடு, தன் பிள்ளையைத் தின்னும் முதலையையும் இணைத்து, இவ்விரண்டும் வாழ்வது தலைவனது ஊர் என்கிறது. முதலையின் அன்பின்மை அந்நூலின் 41-ஆம் பாடலிலும் பேசப்படுகிறது. அன்புடையாரைக் கைவிடும் தலைவனது கொடுமைக்கு இவை உள்ளுறையாயின.

நண்டு பற்றிய இந்நம்பிக்கை தமிழ்நாட்டளவில் நின்றதன்று. அரசகுமாரர் நண்டைப் போலத் தம்மைப் பெற்றாரையே உண்பர் என்னும் ஒருவர் கருத்தை அர்த்தசாத்திரம் எடுத்துக்காட்டுகிறது. மகாபாரதத்தின் வனபருவத்தில் திரௌபதி, தன்னைக் கவர்தல் நண்டு கருவுறுதல் போன்று அழிவைத் தரும் எனச் சயத்திரதனை எச்சரிக்கிறாள்; மூங்கிலையும் வாழையையும் உடன் கூறுகிறாள். பிற்கால ஒளவையாரின் நல்வழியும் நண்டு, சிப்பி, மூங்கில், வாழை ஆகியவற்றை ஒருங்கே வைத்து, அழியும் காலத்துக் கருவளிப்பன என்கிறது. மூங்கில் பூத்துக் காய்த்தபின் மடிவதும், வாழை குலை தள்ளியபின் சாய்வதும் உண்மை. நண்டின் திறத்தில் அது உண்மையன்று. குஞ்சுகள் நீங்கியபின் தாய் உயிரோடு வாழும், மீண்டும் கருவுறும்.

அங்ஙனமாயின் இந்நம்பிக்கை எழுந்தது எவ்வாறு? நம் ஊகம் வருமாறு. வளையினின்றும் பிடித்துக் கொன்ற பெண் நண்டின் வயிற்று மடலைத் திறந்தால், உள்ளிருந்து நூற்றுக்கணக்கான சிறு நண்டுகள் புற்றீசல் போல வெளிவரும். தாய் இறந்துகிடக்கக் குஞ்சுகள் வயிற்றிலிருந்து புறப்படும் காட்சி, தாயைக் கிழித்துப் பிறந்ததாகவே தோன்றும். மேலும் நண்டு வளரும்போது ஓட்டைக் கழற்றும். கால், இடுக்கி, கண்மூடி அனைத்தும் அமைந்த அவ்வெற்று ஓடு இறந்த நண்டையே ஒக்கும். அவ்வோட்டின் அருகே சிறு நண்டுகள் ஊர்தலைக் கண்டாரும் அவ்வாறே எண்ணியிருத்தல் கூடும்.

உடன் கூறப்பட்ட முதலையையும் இவ்வாறே ஆராய்தல் தகும். நம் நாட்டுச் சதுப்புநில முதலை, முட்டையிட்ட இடத்தைக் காத்துக் கிடக்கும். குஞ்சுகள் பொரியும் ஒலி கேட்டதும் மணலைத் தோண்டி, அவற்றை வாயிற் கவ்வி நீருக்குக் கொண்டு சேர்க்கும். முதலைகள் சிறுமுதலைகளை உண்பதும் உண்டு எனினும், கரையில் நின்று தொலைவில் நோக்கியவர்க்குத் தாய் தன் பிள்ளையை விழுங்குவதாகவே இச்செயல் தோன்றியிருக்கும்.

இங்கே வியக்கத்தக்க ஓர் ஒற்றுமை புலனாகிறது. ஓரம்போகியார் அன்பின்மைக்குச் சான்றாக எடுத்த இரண்டு உயிர்களும், தம் வகையில் குஞ்சு பேணுவதிற் சிறந்தவை. ஒன்று வயிற்றிற் சுமக்கிறது. மற்றொன்று வாயிற் சுமக்கிறது. பழையோர் கண்ட காட்சி உண்மை. காட்சிக்குக் கொண்ட பொருளே பிழை. புலவரின் கூர்ந்த நோக்கை இது குறைப்பதன்று. குஞ்சுகள் முழு நண்டாய்த் தாயின் வயிற்றிலிருந்து புறப்படும் என்பதை அவர் காலத்தவர் அறிந்திருந்தனர். கடல் நண்டிற்கு அது பொருந்தாது. ஆகவே, பாடலில் வருவது நன்னீர் நண்டே என்பதற்குப் பிழையான நம்பிக்கையே சிறந்த சான்றாக அமைகின்றது. மக்கள் வழக்கும் இவ்வுண்மையை வேறு வகையாற் போற்றியுள்ளது. சிறுபிள்ளைகள் பலரை ஒருங்கே குறிக்க ‘நண்டும் சிண்டும்’ என்கின்றோம். கொழுத்த நண்டு வளையில் தங்காது என்னும் பழமொழியும் வளை நண்டைக் கண்டவர் வாய்ச்சொல்லே.

இன்றைய நிலை

மருத நிலம் கடந்த நூற்றிருபது ஆண்டுகளில் பெரிதும் மாறியுள்ளது. பெரியாற்று அணையின் நீர் 1895-இல் வைகைப் படுகைக்குத் திருப்பப்பட்டபின், மேலூர்ப் பகுதியின் வானம் பார்த்த நிலங்கள் நன்செய் ஆயின. வைகை அணை 1959-இல் திறக்கப்பட்டது. நன்செய் பரந்ததால் நண்டின் உறைவிடமும் பரந்தது எனலாம். ஆயின் அதன்பின் வந்த பூச்சிக்கொல்லிகள் அதற்குக் கேடாயின. திருப்பதி வேங்கடேசுவரப் பல்கலைக்கழகத்தார் ஓசியோதெல்பூசா நண்டைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வுகள் பல, இம்மருந்துகள் அதன் உடலியக்கத்தைச் சிதைப்பதைக் காட்டியுள்ளன. நகர் விரிந்ததால் மதுரையைச் சூழ்ந்த கண்மாய்களிற் பல சுருங்கின. சில கட்டடங்களுக்கு இடமாயின. வரப்புக்குச் சிமெந்து இட்ட இடத்தில் வளை தோண்ட மண் இல்லை. சளிக்கு வயல் நண்டை இடித்துச் சாறு வைக்கும் வழக்கம் சிற்றூர்களில் இன்னும் உண்டு எனினும், நண்டு கிடைப்பது முன்போல் எளிதன்று என முதியோர் கூறுவர்.

உலகின் நன்னீர் நண்டினங்கள் 1280-ஐ ஆராய்ந்த அறிக்கை 2009-இல் வெளிவந்தது. அவற்றுள் ஆறில் ஒரு பங்கேனும் அழிவை நெருங்கும் நிலையில் உள்ளது என்றும், ஏறத்தாழப் பாதி இனங்களைப் பற்றிப் போதிய செய்தி இல்லை என்றும் அது கூறுகிறது. நண்டைப் பற்றிய செய்தி அருங்காட்சியகத்தில் மட்டும் இல்லை. உழவர் வாய்மொழியிலும் உள்ளது. வளையின் வகைக்கும், பருவத்துக்கும், ஆண் பெண் நண்டுக்கும் ஊர்தோறும் வழங்கும் சொற்களைத் தொகுத்தல் தமிழ்த்துறை மாணவர் கடமையாகும். கள்வன் பத்தில் வரும் ஆம்பல், முள்ளி, வள்ளை, வயலை ஆகியவற்றோடு அச்சொற்களையும் வைத்து, தேனூர் முதலிய ஊர்களின் வயல்களில் ஒரு பயிர்க்காலம் தங்கி ஆராய்தல் வேண்டும்.

கருப்பொருள் நிலத்தில் இருக்கும்வரை உரையாசிரியர்க்கு வேலை குறைவு. படிப்பவர் தாமே உணர்வர். அது மறைந்தபின் எவ்வளவு விரிவாக உரை எழுதினும், நெற்பூ உதிர்ந்து நிறைந்த மண்ணளையை மாணவர்க்குக் காட்ட இயலாது. அந்த அளையும் அதில் வாழும் நண்டும் இன்றும் சில வயல்களில் எஞ்சியுள்ளன. அவை உள்ளபோதே அவ்வாராய்ச்சியைத் தொடங்குதல் நன்று.